அவுக போட்ட டீ

சித்திரை மாதத்து மதியச் சாப்பாட்டின் நடுவில் ஆனந்தகுமார் வாய் திறந்து ஒன்றைப் பாராட்டினார். தங்கச்செல்விக்கு வினை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

"மில்லுக்குப் பின்னாடி தெருவுல புதுசா ஒரு பாய் குடும்பம் குடி வந்துருக்குல்ல, அங்க சாமான் கொண்டு போனேன். வேகாத வெயில்ல வந்துருக்கீகளேன்னு ஒக்கார வச்சு ஒரு டீ குடுத்தாக. சுடுற டீ இல்ல, ஐஸ் போட்ட டீ. எலுமிச்சம்பழம், புதினா எல்லாம் போட்டு. ஏயப்பா! தொண்டையில எறங்குறது வயித்து வரைக்கும் தெரியுது."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு ரசச் சோற்றைப் பிசைந்தார். தங்கச்செல்வி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் இந்த மனிதர் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அவள் கேட்டதில்லை. "கொழம்பு எப்படி இருக்கு?" என்றால் "ம்" என்பார். உப்பே போடாத குழம்புக்கும் "ம்"தான். இரண்டு "ம்"முக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே அவளுக்கு ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. அப்படிப்பட்ட வாயிலிருந்து "ஏயப்பா" வந்திருக்கிறது. அதுவும் இன்னொருத்தி வீட்டு டீக்கு.

"யாரு போட்டுக் குடுத்தது?" என்று கேட்டாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"அவுகதான்."

"எவுக?"

"வீட்டுலதான் போட்டுக் குடுத்தாக. மோரு ஊத்து."

மோர் அன்றைக்குக் கொஞ்சம் வேகமாக விழுந்தது. இலையைத் தாண்டித் தரையிலும் ஓடியது.

தங்கச்செல்விக்குச் சொந்த ஊர் பரளச்சி. அப்பா ஐயாத்துரைக்கு மானாவாரிக் காடு. மழை பெய்தால் மல்லி, பருத்தி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரி மூட்டம். அந்த வீட்டில் இரண்டாவது மகளாகப் பிறந்தவளுக்குப் பொறாமை தாய்ப்பாலோடு வந்த மாதிரி வந்துவிட்டது. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் போகப் பூப்போட்ட குடை வாங்கிக் கொடுத்தார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எழுந்து, வெயிலென்றும் பாராமல் ஊரார் காட்டில் பருத்தி எடுக்கப் போனாள். அந்தக் கூலியில் அக்காவுடையதைவிடப் பெரிய குடையாக வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதுதான் அவளுடைய சுபாவம். பொறாமை வந்தால் உட்கார்ந்து புலம்புகிற ஆள் கிடையாது, வேலையில் இறங்கிவிடுவாள். பாளையம்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின், பக்கத்து வீட்டுச் சுப்பம்மாள் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பார்த்து ஒரே வாரத்தில் இவளும் ஓட்டினாள். முழங்காலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. சுப்பம்மாள் ஜாக்கெட் தைத்தால் இவள் சுடிதார் தைத்தாள். அந்தத் தெருவில் அவளைக் கெட்டிக்காரி என்றார்கள். கெட்டிக்காரத்தனத்துக்கு அடியில் என்ன எரிகிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் யாரையும் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. அது டீ. மெயின் ரோட்டில் கணவருடைய பலசரக்குக் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. லோடு இறக்க வருகிறவர்கள், கம்பெனி ஆட்கள், யார் வந்தாலும் உள்ளேயிருந்து டீ வரும். இஞ்சியைத் தட்டிப் போட்டு, பாலும் தூளும் சேர்ந்து மூன்று தடவை பொங்கி அடங்கி, செங்கல் நிறத்துக்கு வந்தபிறகு இறக்குகிற டீ. "அண்ணாச்சி கடைக்கு லோடு ஏத்துனா சொல்லுங்க, நான் வாரேன்" என்று லோடு வண்டிக்காரர்கள் ஒருவரையொருவர் முந்திக்கொள்வதே அந்த டீக்காகத்தான். ஆக, டீ அவளுடைய சொத்து. அதில்தான் இப்போது யாரோ ஒருத்தி கை வைத்துவிட்டாள்.

அடுத்த வாரமும் அந்த வீட்டிலிருந்து போனில் சாமான் சொன்னார்கள். வழக்கமாக வீடுகளுக்குக் கொண்டு போய்க் கொடுப்பது கடைப் பையன் மாரிசெல்வம். அன்றைக்கு அவன் சும்மாதான் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். ஆனந்தகுமார், "நீ இரு, நான் போயிட்டு வாரேன்" என்று பையைத் தூக்கி வண்டியில் மாட்டினார். போகிறபோது துண்டை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்று தங்கச்செல்வி பார்த்தாள்.  தனக்காக இந்த மனிதர் எந்த நாளில் முகம் துடைத்தார்?

திரும்பி வந்தபோது மீசையில் புதினா வாசனை இருந்தது. அவருக்கே தெரியாமல் இரண்டு தடவை நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டுக்காரியைத் தங்கச்செல்வி மனதிற்குள் வரைய ஆரம்பித்தாள். சின்ன வயதாகத்தான் இருப்பாள். வெளுத்த நிறம். வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பம் என்று கேள்வி, ஆகவே கண்ணாடி கிளாசாக அடுக்கி வைத்திருப்பாள். சிரித்துக்கொண்டே குனிந்து கொடுப்பாள். குனிவதை வரையும்போது தங்கச்செல்விக்குக் கையிலிருந்த அரிவாள்மனையில் விரல் பட்டுவிட்டது.

சும்மா இருப்பாளா? தானும் ஐஸ் டீ போடுவது என்று முடிவு செய்தாள்.

முதல் நாள், தனக்குத் தெரிந்த வழியிலேயே போட்டாள். குழாயடியில் பிடித்த போர்த் தண்ணீர், இரண்டு கரண்டி தூள், நன்றாகக் கொதிக்கவிட்டுப் பால் மட்டும் சேர்க்காமல் இறக்கினாள். சூட்டோடு ஐஸ் கட்டி மேல் ஊற்றினாள். ஐஸ் 'சொர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுக் காணாமல் போனது. கிளாசில் மிஞ்சியது வெதுவெதுப்பான கறுப்புத் தண்ணீர். மேலே ஆடைபோல ஒரு படலம். வாயில் வைத்தாள். நாக்கு மரத்துப்போனது. எலுமிச்சை பிழிந்தால் சரியாகும் என்று பிழிந்தாள்; கசப்போடு புளிப்பும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் போனில் வீடியோ பார்த்தாள். அதில் ஒரு பெண் தேன் ஊற்றினாள், இவளும் ஊற்றினாள். கொதித்த டீயைச் சூடு ஆறுவதற்குள் ஃபிரிட்ஜில் வைத்தாள். மதியம் எடுத்துப் பார்த்தால் கண்மாய்த் தண்ணீர் போலக் கலங்கிக் கிடந்தது. இருந்தாலும் எலுமிச்சையை வட்டமாக நறுக்கிக் கிளாஸ் விளிம்பில் செருகி, கல்லாவில் இருந்தவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஆனந்தகுமார் கிளாசைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"ம்."

நீளமான "ம்". நல்லதில்லை என்று அர்த்தம். பாதி கிளாஸ் தராசுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சாயங்காலம் வரைக்கும் இருந்தது. ஈ ஒன்று விழுந்து நீந்தியது. கோபித்துக்கொண்டு நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த மிச்சப் பாதியைத் தொட்டியில் ஊற்றிக் கிளாசைக் கழுவும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நேரில் பார்த்துவிடுவது என்று மறுநாளே கிளம்பினாள். சாக்கு ஒன்று கிடைத்தது. அந்த வீட்டுக்குக் கட்டிய சாமானில் பெருங்காய டப்பா விட்டுப்போயிருந்தது. மாரிசெல்வம் எடுத்துப்போக இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, பெருங்காயம் கொடுக்கப் போவதற்கு யாரும் கட்டாத மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். மில் சுவரைத் தாண்டி, புது வீடுகளுக்கு நடுவில் பச்சைக் கதவு போட்ட வீடு. மணியை அழுத்தினாள்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கனமான கண்ணாடி. நைட்டிக்கு மேல் போட்ட துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். காலில் வலி போல, கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். தங்கச்செல்வி வரைந்து வைத்திருந்த படத்தில் ஒரு கோடுகூட ஒத்துப்போகவில்லை.

"அண்ணாச்சி கடையிலருந்து வாரேன். பெருங்காயம் விட்டுப்போச்சு."

"அண்ணாச்சி வீட்டுக்காரவுகளா? இதுக்கா இம்புட்டு வெயில்ல வந்தீக? உள்ள வாங்கக்கா. நான் ஜன்னத்து. ஒக்காருங்க, ஒரு டீ குடிச்சிட்டுத்தான் போகணும்."

இதற்காகத்தானே வந்தது. தங்கச்செல்வி சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். எதிரில் ஜன்னத்தும் உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பி, "மச்சான், அண்ணாச்சி வீட்டுல அக்கா வந்துருக்காக. ஒரு கிளாஸு சேத்துப் போடுங்க" என்றாள்.

"இந்தா வாரேன்" என்று உள்ளேயிருந்து ஆண்குரல் கேட்டது.

சற்று நேரத்தில் கைலியும் வெள்ளைச் சட்டையும் போட்ட ஒரு மனிதர் தட்டோடு வந்தார். தாடி பாதி நரைத்திருந்தது. தோளில் ஒரு கைத்துண்டு, நான்காக மடித்துப் போட்டிருந்தார். மூன்று உயரமான கிளாஸ்கள். ஒன்றைத் தங்கச்செல்விக்குக் கொடுத்தார். இன்னொன்றை மனைவியின் கையிலேயே கொடுத்தார். கிளாசின் அடியைத் துண்டால் ஒற்றி, ஈரம் அவள் மடியில் சொட்டாமல் கொடுத்தார்.

ஜன்னத் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "எலுமிச்ச கூடிப்போச்சு."

"அப்படியா? குடு, குடு" என்று அதை வாங்கிக்கொண்டு அந்த மனிதர் மறுபடி உள்ளே போனார்.

தங்கச்செல்வி கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "அவுகதான்" என்று ஆனந்தகுமார் சொன்னாரே, அந்த அவுக இவுக. பெண்ணுக்கும் அவுகதான், ஆணுக்கும் அவுகதான். வீட்டில் போட்டது என்றதும் பெண் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். இத்தனை நாளும் ஒரு தாடிக்காரரைப் பார்த்துத்தான் வயிறு எரிந்திருக்கிறாள். சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜன்னத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாசுக்காக மடியில் காலியாகக் காத்திருக்கும் கை. திருத்திக் கொண்டுவருவார் என்று தெரிந்த கை.

இதுவரை அவள் பட்ட பொறாமை எல்லாம் குடைக்கும் ஸ்கூட்டருக்கும் பட்டது. சம்பாதித்தால் வாங்கலாம், முயன்றால் கற்கலாம். இது வேறு. இதற்கு எந்தக் காட்டில் போய்ப் பருத்தி எடுப்பது?

"குடிங்கக்கா, ஐஸு கரையுது."

குடித்தாள். தேன் நிறத்தில், கிளாசுக்கு அந்தப்பக்கம் தெரிகிற அளவுக்குத் தெளிவு. முதலில் குளிர்ச்சி, அதற்குப் பின்னால் இனிப்பு, எல்லாம் போனபிறகு தேயிலையின் துவர்ப்பு நாக்கின் ஓரத்தில் லேசாக நின்றது. வெயிலில் வந்த உடம்பு தோள்பட்டை வரைக்கும் தளர்ந்தது. நன்றாக இருந்தது. அதுதான் இன்னும் கடுப்பாக இருந்தது.

அந்த மனிதர் பெயர் தமீம் அன்சாரி. சொந்த ஊர் வீரசோழன். தோஹாவில் ஒரு கஃபட்டேரியாவில் இருபது வருடத்துக்கு மேல் டீ போட்டவர். கடையை மூடிவிட்டார்கள், ஊர் வந்து சேர்ந்துவிட்டார். மகள் ஷஹீனா அருப்புக்கோட்டையில் காலேஜ் படிப்பதால் இங்கே வீடு எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஜன்னத் சொன்னாள். "எனக்கு என்னமோ சூடா, பாலு ஊத்திக் குடிச்சாத்தான் டீ மாதிரி இருக்கும். இவுக விட மாட்டேங்குறாக. தெனமும் மத்தியானம் இந்தப் பச்சத்தண்ணி டீதான்" என்று சலித்துக்கொண்டாள். கிடைக்காதவளுக்கு முன்னால் உட்கார்ந்து சலித்துக்கொண்டாள்.

"எப்படி அண்ணே போடுறது? நான் போட்டா கசக்குது" என்று தங்கச்செல்வி தமீமிடம் கேட்டாள்.

அந்த மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தூளக் கொதிக்க விடுறீகளோ? அதான். தண்ணி கொதிச்சதும் அடுப்ப அமத்திட்டுத்தான் தங்கச்சி தூளப் போடணும். மூடி வச்சு நாலஞ்சு நிமிசம், அம்புட்டுத்தான். கனமா வேணும்னா தூளக் கூட்டுங்க, நேரத்தக் கூட்டாதீக. வடிகட்டுறப்பக் கரண்டிய வச்சு அமுக்கிப் பிழியக்கூடாது. சீனி சூட்டுலயே கரைஞ்சிரணும். அப்புறம் வெளிய வச்சு ஆறவிடுங்க. சூட்டோட ஃபிரிட்ஜுக்குள்ள தள்ளுனாக் கலங்கிப்போகும். தண்ணி எது, போர்த் தண்ணியா? ஆகாது, கேன் தண்ணி ஊத்துங்க. எலுமிச்ச குடிக்கிறப்பத்தான் பிழியணும். புதினாவக் கசக்காதீக, உள்ளங்கையில வச்சு ஒரு தட்டு, போதும். அன்னன்னைக்குப் போட்டு அன்னன்னைக்குக் குடிச்சிரணும். நேத்துப் போட்டத நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து போட்டாள். முதல் தடவையிலேயே வந்துவிட்டது. கணவருக்குக் கொடுத்தாள். சின்ன "ம்" வந்தது, கிளாசும் காலியானது. ஜெயித்துவிட்டாள். ஆனால் ஜெயித்த மாதிரியே இல்லை. காலிக் கிளாசை அவர் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். எடுத்துக்கொண்டு போய்க் கழுவியதும் அவள்தான்.

அந்த எரிச்சல்தான் வாயைத் திறந்தது. சாயங்காலம் குழாயடியில் சுப்பம்மாள் நின்றாள்.

"அந்தப் பாய் வீட்டுக்குப் போயிருந்தியாமே, எப்படி ஆளுக?" என்று கேட்டாள்.

"அத ஏன் கேக்க. அந்தப் பொம்பள சோபாவுல மகாராணி மாதிரி ஒக்காந்துருக்கா. புருசன் தட்டத் தூக்கிக்கிட்டு ஓடியாறாரு. எலுமிச்ச கூடிப்போச்சுன்னு இவ மூஞ்சியச் சுளிச்சா அவரு பதறிப்போயித் திரும்ப ஓடுறாரு. நல்லா ஏவி வேல வாங்குறா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சுப்பம்மாளும் சிரித்தாள். சொல்லி முடித்ததும் வயிறு கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருந்தது.

பாளையம்பட்டியில் ஒரு பேச்சு குழாயடியிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போக ரொம்ப நேரம் ஆகாது. ஒரே வாரத்தில் தமீமுக்குப் பட்டப் பெயர் வந்துவிட்டது. 'வீட்டம்மா பாய்'. பள்ளிவாசலுக்குப் போகிற வழியில் சலூன் வாசலில் இருக்கிறவர்கள், "பாயி, எங்களுக்கும் ஒரு டீ" என்று குரல் கொடுத்தார்களாம். அவர் முதலில் புரியாமல், "வீட்டுக்கு வாங்க, போட்டுத் தாரேன்" என்றாராம். அதற்கும் சிரித்தார்களாம். மாரிசெல்வம் கடையில் வந்து இதைச் சொன்னபோது தங்கச்செல்வி வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து வந்த சாமான் கணக்கில் எலுமிச்சம்பழம் வரவில்லை. புதினாவும் வரவில்லை.

ஒருநாள் காலையில் ஜன்னத்தே கடைக்கு வந்தாள். காலை இழுத்து இழுத்து நடந்து வந்திருந்தாள். கல்லாவில் தங்கச்செல்வி தனியாக இருந்தாள்.

"பால்டீக்கு ஏத்த தூளு குடுங்கக்கா."

"ஐஸ் டீ போடுறதில்லையா?" என்று கேட்டாள் தங்கச்செல்வி. கேட்கக் கூடாத கேள்வி என்று தெரிந்தும் கேட்டாள்.

"தெருவுல ஏதேதோ பேசுறாகளாம். அவுககிட்ட, இனிமே அடுப்படிப் பக்கமே வராதீகன்னு சொல்லிட்டேன். நான்தான் போடுறேன்." ஜன்னத் தூள் பொட்டலத்தைப் பையில் வைத்தாள். "அங்க இருந்தவரைக்கும் காலையில தொடங்குனா ராத்திரி வரைக்கும் நின்னுக்கிட்டே இருந்த மனுசன். இங்க வந்து என்ன செய்யுறதுன்னு தெரியல. மத்தியானம் அந்த டீயப் போடுறதுலதான் ஒரு தெம்பா இருந்தாக. இப்பச் செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்காக. கேட்டா ஒன்னுமில்லங்காக."

அவள் போனபிறகு தங்கச்செல்விக்கு முதலில் வந்தது ஒரு நிம்மதி. இனிமேல் அந்தக் கையில் யாரும் கிளாஸ் கொண்டுவந்து கொடுக்கப்போவதில்லை. ஒரு கண நேரம் அந்த நினைப்பு இனித்தது. இனித்ததை உணர்ந்த உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது. பருத்திக் காட்டுக்குப் போன சிறுமிகூட அக்காவின் குடையை உடைக்கவில்லை. பொறாமையால் அவள் இதுவரை எதையாவது கற்றிருக்கிறாள், செய்திருக்கிறாள். யாரிடமிருந்தும் எதையும் பறித்ததில்லை. இப்போது பறித்துவிட்டாள்.

மதியம் கடையை மாரிசெல்வத்திடம் பார்க்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். இந்தத் தடவை நைந்த நூல் சேலைதான்.

தமீம் தொழுகைக்குப் போயிருந்தார். ஜன்னத் அடுப்படியில் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னத்து, அந்தப் பேச்சக் கெளப்பி விட்டது நான்தான்" என்றாள் தங்கச்செல்வி, வாசல்படி தாண்டியதுமே. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம்.

ஜன்னத் திரும்பிப் பார்த்தாள்.  பால் பொங்கி வந்தது, அடுப்பைக் குறைத்தாள்.

"எதுக்குக்கா?"

"பொறாம."

"என்னையப் பாத்தா?" ஜன்னத் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். "என்கிட்ட என்ன இருக்குன்னு?"

"நீ ஒக்காந்து வாங்கிக் குடிக்கிற. எனக்கு அப்படி ஒரு நாளும் கெடச்சதில்ல."

ஜன்னத்தின் முகம் மாறியது. கோபமா அழுகையா என்று தெரியவில்லை. "கல்யாணமான மூணாம் மாசம் போனாக. ரெண்டு வருசத்துக்கு ஒருக்க வந்துட்டு வந்துட்டுப் போவாக. அம்புட்டு வருசமும் நான் தனியாத்தான் டீ போட்டேன், தனியாத்தான் குடிச்சேன். அப்ப யாரும் என்னையப் பாத்துப் பொறாமப்படல. இப்ப ஒரு நாலு மாசம் ஒக்காந்து குடிச்சேன், அது உங்களுக்குப் பொறுக்கல."

தங்கச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.  

"பாலு காஞ்சிருச்சு" என்றாள் ஜன்னத். "உங்க டீயப் பத்தி ஊரே பேசுது. எனக்குக் கால் வலிக்குது. போட்டுக் குடுங்க."

கோபம் போய்விட்டதா என்று கேட்க இவளுக்குத் தைரியம் வரவில்லை. ஜன்னத் ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டாள். தங்கச்செல்வி இஞ்சியைத் தட்டினாள், தூளைப் போட்டாள், பொங்கி அடங்கிப் பொங்கவிட்டாள். அந்த நேரத்தில் தமீம் உள்ளே வந்தார். பாத்திரத்தில் தேயிலை கொதித்துக் கொந்தளிப்பதைப் பார்த்து, அடிபட்டவர் மாதிரி "ச்சூ" என்றார்.

"கொல்லுறீகளே தங்கச்சி, தூளக் கொல்லுறீகளே."

"உங்க வீட்டுக்காரவுகளுக்கு இப்படித்தான் வேணுமாம் அண்ணே."

ஜன்னத் அந்த டீயை ஊதி ஊதி முழுக்கக் குடித்தாள். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "இதுதான் டீ" என்றாள். தமீம் முகம் சுருங்கியது. இதைப் பார்த்ததும் ஜன்னத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி மச்சான், நாளைக்கு உங்க பச்சத்தண்ணி டீயப் போடுங்க. எவன் சிரிச்சாலும் சிரிச்சிட்டுப் போறான்."

தங்கச்செல்வியை அவள் வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த ஒன்றிரண்டு மாதத்துக்கும் பேச்சில் ஒரு இடைவெளி இருந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் மறுநாள் போனில் வந்த சாமான் கணக்கில் அரை டஜன் எலுமிச்சம்பழம் இருந்தது. சலூன் வாசலில் அந்தப் பட்டப் பெயரை யாரோ சொன்னபோது, கடைப் படியில் நின்றிருந்த தங்கச்செல்வி, "ஏலே, உங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு ஒரு சொம்புத் தண்ணி எடுத்துக் குடுத்துருக்கீகளாலே?" என்று ரோட்டைத் தாண்டிக் கேட்கிற மாதிரிக் கத்தினாள். சிரித்தவர்கள் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். கல்லாவில் இருந்த ஆனந்தகுமார் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

அன்று மதியம் அவரிடம் நேராகவே கேட்டுவிட்டாள். "எனக்கு ஒரு ஐஸ் டீ போட்டுக் குடுங்க. நான் கடையப் பாத்துக்கிறேன்."

"நானா?"

"ஆமா. பாயிகிட்டப் போயி அத்தன தடவ குடிச்சீகல்ல, போடுறதப் பாத்துருப்பீக."

ஆனந்தகுமார் தயங்கித் தயங்கி உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "செல்வி, சீனி எங்க இருக்கு?"

மூட்டை மூட்டையாகச் சீனி விற்கிற மனிதர். "அடுப்புக்கு மேல, நீல மூடி டப்பா."

"வடிகட்டி?"

"ஆணியில தொங்குது பாருங்க."

"இதுல எது தூளு, எது கடுகு?"

அவள் எழுந்து போகவில்லை. கை துடித்தது, ஆனாலும் போகவில்லை. உள்ளே ஏதோ உருண்டது, ஏதோ கொட்டியது. கடைசியில் சட்டையெல்லாம் நனைந்து, ஒரு கையில் கிளாசை ஏந்திக்கொண்டு வந்தார். அடியைத் துண்டால் துடைக்கத் தெரியவில்லை. தரையெல்லாம் சொட்டிக்கொண்டே வந்தது.

"குடிச்சுப் பாரு" என்றார். மூஞ்சியில் பரீட்சை எழுதியவனின் பயம் இருந்தது.

சீனி அளவுக்கு மேல் இருந்தது. தேயிலைத் துணுக்கு பல்லில் சிக்கியது. எலுமிச்சை விதை ஒன்று வாய்க்குள் வந்தது. தங்கச்செல்வி கல்லா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துச் சுப்பம்மாள் கால் கிலோ துவரம்பருப்புக்கு வந்தாள். நனைந்த சட்டையோடு நிற்கிற ஆனந்தகுமாரைப் பார்த்தாள். கிளாசைப் பார்த்தாள். "யாரு, அண்ணாச்சியா போட்டுக் குடுத்தாக?" என்று கேட்டாள். கேட்ட குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் பையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின, பார்வை கிளாசிலிருந்து நகரவில்லை.

அந்தப் பார்வை தங்கச்செல்விக்கு நன்றாகத் தெரியும். பிறந்ததிலிருந்து அவளுக்குள்ளேயே இருந்த பார்வை. இன்னொருத்தி கண்ணில், அதுவும் தன்மேல் விழுந்து, அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"ஆமா, இவுகதான்" என்றாள். பருப்பு நிறுக்க அவள் உடனே எழவில்லை. இன்னும் பாதி கிளாஸ் இருந்தது.